கீழ்வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு எதற்குச் செலவழிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சரிவுகளில் கட்டிய வீடுகளில் கீழ்வீடு என்று நாம் சொல்லும் அறைக்கு முன்பக்கம் முற்றத்தைப் பார்த்துக் கதவு இருக்கும். பின்சுவரும், பெரும்பாலும் பக்கச்சுவர் ஒன்றும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். சாட்ஸ்வொர்த்திலும் ரிசர்வாயர் ஹில்ஸிலும் இசிபிங்கோ ஹில்ஸிலும் அந்த அறையில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும், அல்லது ஆயாவின் கட்டில் இருக்கும், அல்லது தைப்பூசக் காவடியும் கஞ்சிப் பூசை அண்டாக்களும் அடுக்கப்பட்டிருக்கும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசூலு-நட்டால் கரையோரத்தின் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, 400 பேருக்கு மேல் உயிரிழந்த அந்தப் பேரிடரில், எங்கள் கீழ்வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மிதந்து வந்த அலுமினிய அண்டா ஒன்று கதவின் குறுக்கே சிக்கிக்கொண்டதால், கதவைத் திறப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று.

அதன் பிறகு, இதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். அண்மையில் மேர்பேங்கிலிருந்து பெரியம்மா ஒருவர் கேட்டார்: "பம்பு வாங்கச் சொல்றான் ஒருத்தன், செவுத்துக்குப் பூச்சு அடிக்கச் சொல்றான் இன்னொருத்தன், தோண்டணும்கிறான் மூணாமவன். கையில இருக்கறது ஒரு தடவைக்குத்தான் தம்பி, எதுக்குப் போடட்டும்?" அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## இறைக்கும்போதே தவறிவிடக் கூடாதவை

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது தண்ணீர் வடிந்த பிறகு வரும் கேள்வி. அதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் நிற்கும் அறைக்குள் இறங்குவதற்கு முன் மேல்வீட்டு டி.பி. பெட்டியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், டி.பி. பெட்டியே கீழ்வீட்டில் இருந்தால் மின்பணியாளர் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியரில் விழ வேண்டிய கருவிதான் என்றாலும், நீரில் மூழ்கிய பழைய கருவி அப்படி விழும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. பெட்ரோலில் ஓடும் பம்பையோ ஜெனரேட்டரையோ அறைக்குள் வைத்து ஓட்டினால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் ஆளை வீழ்த்திவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அறைக்குள் ஆழமாகத் தண்ணீர் நிற்கும்போது, வெளியே நனைந்த மண் சுவரை உள்நோக்கித் தள்ளும் விசையை உள்ளிருக்கும் தண்ணீரே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான தள்ளுதல் விழுகிறது. இரண்டு மீட்டர் ஏறினால் அது 2 டன் ஆகிவிடுகிறது. ஆகவே மழை நின்று வெளியே மண்ணில் நீர் இறங்கத் தொடங்கிய பிறகு, முதல் நாள் 30 சென்டிமீட்டர் மட்டும் இறைத்துவிட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரவு முழுவதும் பொறுத்துப் பார்க்க வேண்டும். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் இறைப்பதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று பொருள்.

சுத்தம் செய்வதற்கு முன்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஆனால் காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை ஈரமான மெத்தையையும் கம்பளத்தையும் உள்ளேயே போட்டு வைக்காதீர்கள். இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வந்த தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது. இதற்கு விடை தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ராண்டும் குருட்டுச் செலவு என்பது என் உறுதியான கருத்து. கூரையிலிருந்தும் மேல்சரிவிலிருந்தும் ஓடி வந்து கதவு வழியாகவோ சுவரடி வழியாகவோ புகுந்த மழைநீர் ஒன்று. மண்ணுக்குள் ஊறி, சுவரிலும் தரையிலும் கசிந்த ஊற்றுநீர் இன்னொன்று. கழிவுநீர்க் குழாய் நிரம்பி, குளியலறைத் துளை வழியாக மேலே பொங்கிய அசுத்த நீர் மூன்றாவது. ஆறு கரை கடந்து வந்த வெள்ளம் நான்காவது.

தண்ணீர் போன பிறகும் தடயம் இருக்கும். சுவரில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால், மண்ணிலிருந்து நெடுநாளாக நீர் ஊறி வந்திருக்கிறது. சிவப்பு மண் படிவம் கதவருகே தடித்தும் உள்ளே போகப் போக மெலிந்தும் இருந்தால், அது வெளியிலிருந்து ஓடி வந்த நீர். குளியலறைத் துளையைச் சுற்றிக் கறுப்பு வண்டலும் நாற்றமும் இருந்தால் வேறு சான்று தேவையில்லை. சுவர் காய்ந்தபின் மீண்டும் ஈரம் தெரிந்தால், ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் கோத்திருந்தால் சுவர் ஓதம், அதாவது சுவருக்குள் ஊறியிருக்கும் ஈரம். அறையைப் பார்த்த பக்கத்தில் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம், அதற்குச் சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

எனக்கு விடை கிடைத்தது, அடுத்த மழையில் குடையுடன் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றபோதுதான். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாயின் அடிவளைவு, பின்சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி வந்து பார்த்தால், அதே இடத்துக்கு நேராகத் தரையும் சுவரும் சேரும் இடுக்கிலிருந்து, நாடா அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அந்தச் சுவருக்கு ஒரு ஒப்பந்தக்காரரைக் கொண்டு உட்பூச்சு அடித்து முடித்திருந்தேன்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மின்சாரம் இல்லாதபோதும் அந்த ஏற்பாடு வேலை செய்யுமா, புதைந்த சுவரின் மேல் அழுத்தத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, வெளியேற்றும் தண்ணீர் யாருடைய மனையில் போய் விழும், முதல் செலவு போக ஆண்டுதோறும் என்ன செலவு வரும், அந்த அறையில் யாராவது படுத்துறங்குகிறார்களா. இந்தக் கடைசிக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடியது.

## வெளியிலேயே நீரைத் திருப்பிவிடுதல்

100 சதுர மீட்டர் கூரையின் மீது 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அதில் பாதி வீட்டின் பின்புறம் இறங்கினாலும், புதைந்த சுவரை ஒட்டிய மண்ணில் 15,000 லிட்டர் ஊற்றியதற்குச் சமம். கூரை விளிம்பு வாய்க்கால்களைச் சீராக்கி, இறங்கு குழாய்களை நீட்டித் தெரு வடிகாலுக்குக் கொண்டுபோய், பின்சரிவின் மேல் ஓரத்தில் சிமெண்டு மடை ஒன்று வெட்டி மேல்மனையிலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், பெரும்பாலான கீழ்வீடுகளின் தொல்லையில் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சுவரின் மேல் அழுத்தமும் குறைகிறது, சில ஆயிரம் ராண்டில் தொடங்கவும் முடியும்.

மழைநீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டி வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதே கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்ததுமே 5,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடுகிறது. பிறகு அது வழிந்து கொட்டும் இடம் சுவரடியாக இருந்தால், தொட்டியால் பயனில்லை என்பதோடு கேடும் வரும். ஆனாலும் தொட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2022-இல் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்நீர் இல்லாமல் தவித்தபோது, சேறு கழுவக்கூடத் தொட்டித் தண்ணீர்தான் உதவியது. வழிவு குழாயை மட்டும் தெருப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல, ஒழுங்கு. மாமரம் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு நான்கு முறையாவது இலை அள்ள வேண்டும். மேல்மனைக்காரருடன் பேச்சுவார்த்தை வேண்டும். நீங்கள் திருப்பும் நீர் கீழ்மனைக்காரரின் கதவில் போய் முட்டக் கூடாது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பது நகராட்சி விதிகளுக்கு எதிரானது. தெருவில் நான்கு வீட்டார் அப்படிச் செய்தால், தாழ்ந்த மனையில் இருப்பவரின் குளியலறையில் அது அசுத்தமாகப் பொங்கும்.

## உட்பக்கப் பூச்சு

கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனெனில் இரண்டு மூன்று நாளில் முடிகிறது, சுவரும் புதிதாகத் தெரிகிறது. மெல்லிய ஓதத்துக்கு, குறிப்பாக சிமெண்டு அடிப்படையிலான, சுவருக்குள் ஊடுருவிப் படிகமாகும் வகைப் பூச்சு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உள்ளிருந்து பூசும் பூச்சைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. சாதாரணப் பெயிண்ட் வகை என்றால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் போட்டு உதிரும்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பழைய வீடுகளின் பின்சுவர் பல, மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவராகக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை அல்ல. உள்ளே வெற்றிடம் உள்ள சிமெண்டுக் கற்களால் எழுப்பப்பட்டவை. கசிவு இருக்கும்வரை பின்னால் நிற்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து அழுத்தம் தணிகிறது. வெளியே வடிகால் எதுவும் செய்யாமல் உள்ளே மட்டும் முழுமையாக அடைத்துவிட்டால், நீர் சுவரின் பின்னால் ஏறிக்கொண்டே போகும். மேலே சொன்ன 2 டன் கணக்கு அப்போது உங்கள் சுவருக்குப் பொருந்தும். சுவரின் நடுவில் படுக்கைவாட்டில் விரிசலோ உள்நோக்கிய வீக்கமோ தெரிந்தால் பூச்சு வேலையைத் தொடவே தொடாதீர்கள். முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நீரைத் திருப்பிய பிறகு எஞ்சும் ஓதத்துக்கு மட்டும் பூச்சு சரியான தேர்வு. நான் வரிசையை மாற்றிச் செய்து பணத்தை இழந்தேன்.

## தரையடிக் குழியும் பம்பும்

தரையின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி எடுத்து, அதற்குள் மிதவை சுவிட்சுடன் நீர்மூழ்கிப் பம்பு வைப்பது, அடியிலிருந்து ஊறும் நீருக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. நீர் தரைமட்டத்தைத் தொடுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதால், தரையின் மேல் எழும் அழுத்தமும் குறைகிறது. பத்தாயிரங்களில் செலவாகும்.

ஆனால் புயல் அடிக்கும் இரவில்தான் மின்சாரம் போகிறது. 2023-இல் லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு இல்லாத நாளே அரிதாக இருந்தது. இப்போது அது தணிந்திருந்தாலும், பெருமழையில் மின்கம்பம் சாய்வதும் துணைமின் நிலையம் நீரில் மூழ்குவதும் நிற்கவில்லை. எனவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் இல்லாத பம்பை முழு ஏற்பாடு என்று கணக்கில் வைக்காதீர்கள். அந்தப் பேட்டரியைக் கீழ்வீட்டில் வைக்காமல் மேல்வீட்டில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பின் பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கு 10,000 லிட்டர் என்பது உயரமே ஏற்றாமல் கொட்டும் கணக்கு. மூன்று மீட்டர் உயரம் ஏற்ற வேண்டுமானால் அந்த உயரத்துக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு மறைவான செலவு நம் மண்ணுக்கே உரியது. டர்பன் கரையோர மேடுகளில் உள்ள பெரியா சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது கல் போல நிற்கும், நனைந்தால் பிடிப்பு இழந்து கரைந்தோடும். மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணியும் சரளையும் சுற்றாமல் குழி எடுத்தால், பம்பு தண்ணீருடன் மணலையும் இழுத்து, அஸ்திவாரத்தின் அடியில் பொந்து உண்டாக்கிவிடும். வெளிவரும் நீர் சிவப்பாகவே தொடர்ந்தால் பம்பை நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள்.

## வெளியே தோண்டி வடிகுழாய் பதித்தல்

சுவரின் வெளிப்புறத்தை அஸ்திவாரம்வரை தோண்டி, நீர்புகாப் படலம் ஒட்டி, அடியில் துளையிட்ட 110 மில்லிமீட்டர் குழாயைச் சரளைக்குள் வடிதுணி சுற்றிப் பதித்து, நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் வெளியே கொண்டுபோவது முறையான தீர்வு. படலம் சரியான பக்கத்தில் இருப்பதால் நீர் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துமே தவிர உரிக்காது. நீர் தானாகவே வடிவதால் மின்சாரமும் தேவையில்லை. கீழ்வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்து, ஊற்றுநீர் சுவர் வழியாக வருகிறது என்பது உறுதியானால், கடன் வாங்கியாவது செய்யத் தக்கது என்பேன்.

செலவு லட்சத்தைத் தொடும் என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாதவை நிறைய. இரட்டை வீடுகளுக்கு நடுவே டி.எல்.பி. என்னும் மண் தோண்டும் இயந்திரம் நுழைய இடமில்லாததால் முழுவதும் கைவேலையாகிறது. உங்கள் பாதியை மட்டும் தோண்டினால், அடுத்த பாதியின் பின்னாலிருந்து நீர் சுற்றி வரும்; ஆகவே பக்கத்து வீட்டாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். சுவர் முழுவதையும் ஒரே நாளில் திறந்தால் அஸ்திவாரம் பிடிப்பு இழக்கும், மண் சரிந்து வேலையாளையும் மூடும். பொறியாளரின் வரைபடத்தோடு, பகுதி பகுதியாகத் திறந்து மூடுவதே பாதுகாப்பு. குழாயின் இரு முனையிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய மூடியிட்ட வாய் வைக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சில ஆண்டில் வண்டல் அடைத்து, மறுபடி தோண்ட நேரிடும்.

## கீழ்வீட்டைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்தல்

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஆறு கரை கடந்து வரும் இடத்தில் பூச்சும் பம்பும் வடிகுழாயும் எதுவும் செய்ய இயலாது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டுத் தாழ்நிலத்து டின் டவுன் குடியிருப்பை அடித்துச் சென்றபோது, படவட்டான் அறுவர் என்று இன்றும் நாம் நினைவுகூரும் நம் மீனவர்கள் படகில் 176 பேரை மீட்டார்கள். அதே ஆறு 1987-இலும் 2022-இலும் பெருகியது. 1998 தேசிய நீர்ச் சட்டத்தின்படி, புதிய குடியிருப்பு வரைபடங்களில் நூறாண்டு வெள்ளக் கோடு காட்டப்பட வேண்டும். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் அடைத்து முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மனை அந்தக் கோட்டுக்குள் இருந்தால், கீழ்வீட்டில் யாரையும் உறங்க வைக்காதீர்கள்.

விட்டுக்கொடுப்பது என்றால் பூட்டிப்போடுவது அல்ல. தரைக்கு ஓடு பதித்து, பிளக்குகளை இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றி, மரப் பலகைகளை அகற்றி, பொருள்களை இரும்பு அலமாரியில் உயர்த்தி வைத்து, நீர் வந்தால் கழுவிவிடக்கூடிய இடமாக மாற்றுவது. வாடகை போய்விடும் என்பதுதான் இதன் பெரிய செலவு. பல குடும்பங்களுக்கு அது மாதச் சமையல் செலவு என்பதை நான் அறிவேன்.

கழிவுநீர் பொங்கிய வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் நேரடி மருந்து அல்ல. கீழ்வீட்டிலிருந்து போகும் குழாயில், உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டு ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அந்தக் கிளையில் சேரும் எந்தக் குழாயையும், கழிப்பறையையும் பயன்படுத்தக் கூடாது.

## ஒரே பார்வையில்

| ஏற்பாடு | எந்த நீருக்கு | மின்சாரம் | சுவரின் மேல் அழுத்தம் | முதல் செலவு | பின்னால் வருவது |
|---|---|---|---|---|---|
| நீரைத் திருப்புதல் | கூரை, மேல்சரிவு நீர் | வேண்டாம் | குறையும் | ஆயிரங்கள் | இலை அள்ளுதல், அண்டை வீட்டார் ஒப்புதல் |
| உட்பூச்சு | எஞ்சிய மெல்லிய ஓதம் | வேண்டாம் | கூடலாம் | ஆயிரங்கள் முதல் பத்தாயிரங்கள் | மறுபூச்சு |
| குழியும் பம்பும் | தரையடி ஊற்று | கட்டாயம் | குறையும் | பத்தாயிரங்கள் | பேட்டரி மாற்றுதல், மணல் இழுப்பு |
| வெளி வடிகுழாய் | சுவர் வழி ஊற்று | வேண்டாம் | நன்கு குறையும் | லட்சம் அளவில் | குழாய்ச் சுத்தம் |
| விட்டுக்கொடுத்தல் | ஆற்று வெள்ளம் | வேண்டாம் | மாறாது | பத்தாயிரங்கள் | வாடகை இழப்பு |

## காப்பீட்டைப் பற்றி

கலவர இழப்புக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனமான சாஸ்ரியா வேறு, வெள்ள இழப்பு வேறு. வெள்ள இழப்பு உங்கள் வீட்டுக் காப்பீட்டைச் சேர்ந்தது. பல பாலிசிகள் புயலில் திடீரென நேர்ந்த சேதத்தை ஏற்கும், நாளடைவில் ஊறிய ஓதத்தையும் பராமரிக்காத வாய்க்காலையும் ஏற்காது. தடுப்புச் சுவரைத் தனியாக விலக்கி வைத்திருப்பவையும் உண்டு. இலை அள்ளிய நாளையும் பழுது பார்த்த ரசீதையும் தேதியோடு சேர்த்து வைப்பது அதனால்தான் முக்கியம். மறுக்கப்பட்டால், 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீடு புதியது, கட்டி ஐந்து ஆண்டு ஆகவில்லை, வீடு கட்டுவோர் பதிவுக் கழகத்தில் பதிவும் ஆகியிருக்கிறது என்றால், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு அங்கே உத்தரவாதம் இருக்கிறது. சுவர் விரிந்திருந்தால் பழுது பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

மேர்பேங்கு பெரியம்மாவின் வீட்டில், சிவப்பு வண்டல் கதவருகேதான் தடித்திருந்தது, பின்சுவரில் உப்பும் பூத்திருந்தது. ஆகவே முதலில் கூரைக் குழாயையும் முற்றத்துச் சாய்வையும் திருத்தி, ஒரு மழைக்காலம் பென்சில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, பிறகும் ஊறினால் குழியும் பேட்டரிப் பம்பும் வைக்கலாம், பூச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்ன முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். தோண்டும் வேலை எதுவானாலும், மண் காய்ந்திருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் முடித்துவிட வேண்டும். செப்டம்பர் மழைக்குப் பிறகு எந்தக் கொத்தனாரையும் அந்தச் சரிவின் அடியில் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள்.